ஏழாவது விசில்

நான்கு வருடங்களுக்கு முன்பு, பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம். உத்தனப்பள்ளியிலிருந்து ஓசூர் போகும் காலை பஸ்ஸில் நடந்தது. அன்று ஒரு பஸ் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, என் மகளைக் கன்னத்தில் அறைந்தேன். அவளுக்கு அப்போது ஏழு வயது. இதை இதுவரை மூன்று நான்கு பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஓசூர் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்குள் போகும் ஒயர் கட்டுகளைச் செய்கிற கம்பெனி ஒன்றில் எனக்கு குவாலிட்டி செக்கிங் வேலை. என் கணவர் இன்னொரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். அவருக்கு எப்போதும் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். நாங்கள் எழுந்திருப்பதற்கு முன்பே கிளம்பிவிடுவார். அதனால் காலையில் மகளை பஸ்ஸில் கூட்டிப்போய்ப் பள்ளியில் விடுவது என் பொறுப்பு. சாயங்காலம் அவர் பைக்கில் அழைத்து வருவார்.

மகளுக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று மூன்றரை வயதிலேயே டாக்டர் சொல்லியிருந்தார். பெயர் தெரிந்தது, அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கோயிலுக்குப் போனோம், தர்காவில் கயிறு கட்டினோம். கொஞ்ச நாள் பேச்சுப் பயிற்சிக்குப் போனோம், பிறகு லீவு கிடைக்காமல் நிறுத்திவிட்டோம். அவள் பேசவில்லை. வேண்டியதற்கு என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுவாள், அவ்வளவுதான்.

யாரோ சொன்னார்கள், வீட்டில் ஒரே பாஷை பேசாததால்தான் இப்படி என்று. என் கணவருக்குத் தெலுங்கு, எனக்குத் தமிழ், எங்கள் வீட்டு ஓனர் குடும்பத்துக்குக் கன்னடம். குழந்தைக்குக் குழம்பாமல் என்ன செய்யும்? நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இனிமேல் பாப்பாவிடம் தமிழ் மட்டும்தான் பேச வேண்டும் என்று கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவருடைய தமிழ் கம்பெனிக்கும் கடைகண்ணிக்கும் போதுமான தமிழ்; குழந்தையைக் கொஞ்சப் போதாது. அவர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மகளிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். ஒரு வருடம் இதை நான் கவனிக்கவே இல்லை.

பக்கத்துப் பள்ளிகளில் சேர்த்துக்கொள்ளவில்லை. ஓசூர் ஓரத்தில் ஒரு பள்ளியில் மட்டும் தலைமை ஆசிரியை, "முயற்சி பண்ணிப் பார்க்கலாம்" என்று இடம் கொடுத்தார். அங்கே போய்வரத்தான் இந்த பஸ்.

முதல் நாளிலிருந்தே இதே கதைதான். ஏறும்போது அமைதியாக இருப்பாள். பாதி தூரத்தில் உடம்பை முன்னும் பின்னும் ஆட்டத் தொடங்குவாள். அப்புறம் மணிக்கட்டைக் கடிப்பாள். அதற்கப்புறம் அலறல். ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொள்வாள்.

அன்றைக்குக் கூட்டம் அதிகம். ஒரு அம்மா, "ரொம்ப செல்லம் குடுத்துட்டாங்கோ" என்றார். பின்னாலிருந்து ஒருவர், "செல்போன் குடுத்துக் குடுத்து கெடுத்துட்டு இப்ப பஸ்ல கூட்டிகினு வராங்க" என்றார். எனக்குக் காது, முகம் எல்லாம் எரிந்தது. குழந்தை தலையை முட்டிக்கொள்கிறாளே என்பதைவிட, இத்தனை பேர் பார்க்கிறார்களே என்பதுதான் என் மனதில் இருந்தது. கை போய்விட்டது.

அலறல் நிற்கவில்லை. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கன்னத்தில் விரல் பதிந்தபடியே, அடித்தது யாரென்றே தெரியாதவள்போல் அலறிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் நெருக்கிக்கொண்டு வந்து, "ஏம்மா, தலையில கிலையில அடிபட்டா யாரு பதில் சொல்றது? எறங்கி கொஞ்சம் காத்தாட நின்னுட்டு அடுத்த வண்டில வாங்க" என்று பஸ்ஸை நிறுத்தி எங்களை இறக்கிவிட்டார்.

நடுவழி. ஒரு பக்கம் ரோஜாத் தோட்டங்களின் பாலித்தீன் கூடாரங்கள், இன்னொரு பக்கம் லாரிகள். அவள் மண்ணில் உட்கார்ந்துகொண்டாள். பத்து நிமிடத்தில் தானாகவே அடங்கினாள். நான்தான் அடங்கவில்லை. அந்தக் கண்டக்டரை அன்றைக்கு மனதுக்குள் திட்டாத திட்டில்லை.

பள்ளிக்கு லேட்டாகப் போனோம். தலைமை ஆசிரியை என்னை உட்கார வைத்துப் பேசினார். கோபப்படவில்லை. "காலைல இப்படி வந்தா மத்தியானம் வரைக்கும் அவளுக்கு எதுவும் ஏற மாட்டேங்குதும்மா. மத்த பிள்ளைங்களும் பயப்படுது. ஒரு மாசம் பாக்கறேன். அதுக்கு மேல நீங்க வேற இடம்தான் பாக்கணும்" என்றார். கிருஷ்ணகிரியில் தனக்குத் தெரிந்த ஒரு உளவியல் ஆலோசகர் இருப்பதாகச் சொல்லி, விலாசம் எழுதிக் கொடுத்தார்.

அந்த வாரமே அரை நாள் லீவு போட்டு நாங்கள் மூவரும் கிருஷ்ணகிரி போனோம். ஆலோசகருக்கு ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். மகள் அறையின் மூலையில் இருந்த பிளாஸ்டிக் மூடிகளை நிறம் நிறமாகப் பிரித்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் அவளைக் கூப்பிடவில்லை, தொடவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒரு மூடியை எடுத்து அவளுடைய வரிசையின் கடைசியில் வைத்தார். மகள் அதைப் பார்த்தாள். எடுத்துப் போடாமல் அடுத்த மூடியை வைத்தாள். வேறு யாரையும் தன் வரிசையில் கைவைக்க அவள் விட்டதில்லை.

பிறகு என்னிடம் வந்து, பஸ்ஸில் என்ன நடக்கிறது என்று கேட்டார். "பிடிவாதம், மேடம். ஸ்கூலுக்குப் போகப் பிடிக்கல. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கத்தறதே இல்ல, பாருங்க" என்றேன்.

"கத்தும்போது உங்களைத் திரும்பிப் பார்ப்பாளா?"

"இல்ல."

"அடிச்சீங்களா?"

கணவருக்கு அதுவரை தெரியாது. தலையை ஆட்டினேன்.

"அடிச்சப்போ?"

"அப்பவும் பாக்கல."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "பிடிவாதம் பிடிக்கிற குழந்தை நாம பாக்கறோமான்னு ஓரக்கண்ணால பாத்துக்கும். நினைச்சது கிடைச்சா நின்னுடும். இவளுக்கு நீங்க இருக்கறதே அந்த நேரத்துல தெரியல. தாங்க முடியாத அளவுக்கு ஏதோ ஒண்ணு அவளுக்குள்ள நிறைஞ்சு வழியுது. அது என்னன்னு அவளால சொல்ல முடியாது. நாமதான் கண்டுபிடிக்கணும்" என்றார். பிறகு, நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார்.

சொன்னேன். ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஒய்-ஒய் ஷீட் எழுதுவோம் என்றேன். ஏன் என்று கேட்டு, வரும் பதிலுக்கு மறுபடியும் ஏன் என்று கேட்டு, ஐந்து தடவை கீழே போகவேண்டும். ஆபரேட்டர் கவனக்குறைவு என்று யாராவது எழுதிக்கொண்டு வந்தால் நானே அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அது காரணமே இல்லை, தப்பை ஆள்மேல் போட்டுவிட்டுத் தப்பிப்பது.

இதைச் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். என் மகளின் தாளில் மூன்று வருடமாக நான் பிடிவாதம் என்று எழுதி வைத்திருக்கிறேன் என்பது அந்த அறையில்தான் எனக்கு உறைத்தது.

கிளம்பும்போது கணவர் தயங்கித் தயங்கி, வீட்டில் பல பாஷை பேசுவதால்தான் இப்படி ஆனதா என்று கேட்டார். "பாஷையால ஆட்டிசம் வராதுங்க. உங்களுக்கு எந்த பாஷைல பாசம் வருதோ அதுல பேசுங்க" என்றார் அவர். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு, "ரா தல்லி, ரா" என்று தெலுங்கில் கொஞ்ச ஆரம்பித்தவர், நடுவில் எங்கும் நிற்காத பஸ்ஸில் ஓசூர் வரும்வரை நிறுத்தவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். தினமும் பஸ்ஸில் நடப்பதை எழுதுவது என்று முடிவு. எத்தனை மணிக்கு ஏறினோம், எந்த சீட், பக்கத்தில் யார், என்ன சாப்பிட்டாள், என்ன உடுப்பு, வெயிலா மழையா, எந்த இடத்தில் ஆட ஆரம்பித்தாள், எந்த இடத்தில் கடித்தாள். அலறும் குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு இன்னொரு கையால் எழுதினேன். பார்த்தவர்கள் என்னையும் ஒரு மாதிரிதான் நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

முதல் வாரம் ஜன்னல் சீட்டைச் சந்தேகப்பட்டேன். மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. அடுத்து கூட்டம். ஒரு நாள் பஸ் பாதி காலியாக வந்தது, அன்றைக்கும் அலறினாள். அப்படியானால் பள்ளிக்கூடம்தான் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை, யூனிஃபார்ம் போடாமல், பை எடுக்காமல், அதே பஸ்ஸில் கூட்டிப்போனேன். அலறினாள். இறங்கி, பள்ளிக்கூடம் இருக்கிற தெருவிலேயே நடந்தோம். பூட்டிய கேட்டைப் பிடித்துக்கொண்டு அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். வர மறுத்தாள். இவளுக்கா பள்ளிக்கூடம் பிடிக்காது? அன்றைக்கு அந்தக் கேட் முன்னாலேயே நோட்டைத் திறந்து, 'பள்ளி' என்று எழுதியதை அடித்தேன்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் அவள் அலறவே இல்லை. ஆடவும் இல்லை. அதே பஸ், அதே நேரம், நல்ல கூட்டம். ராத்திரி கணவரும் நானும் நோட்டை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தோம். அன்றைக்கு மட்டும் என்ன வேறு? ஓரத்தில் நானே கிறுக்கியிருந்த ஒரு வரி இருந்தது: 'கண்டக்டர் வேற ஆள்.' அந்த ஆள் எப்படி என்று கணவர் கேட்டார். யோசித்தேன். சின்ன வயசு. வாயாலேயே "போலாம்... போலாம் ரைட்" என்று கத்திக்கொண்டிருந்தார். விசிலை எங்கேயோ விட்டுவிட்டு வந்துவிட்டதாக டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆனால் அவள் காதைப் பொத்தியதே இல்லையே? விசில் அடித்தவுடன் அழுததும் இல்லையே? மறுநாள் பழைய கண்டக்டர் திரும்பி வந்தார். நான் வேறு எதையும் எழுதவில்லை. ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு கோடு மட்டும் போட்டேன். மகளின் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் விசிலுக்கு விரல்கள் ஒரு நொடி விறைத்தன. பிறகு தளர்ந்தன. இரண்டாவதற்கும் அப்படியே. நாலாவதற்குப் பிறகு தளரவே இல்லை. ஐந்தில் ஆடத் தொடங்கினாள். ஏழாவது விசிலுக்கு மணிக்கட்டு வாய்க்குப் போனது.

அடுத்த நாளும் ஏழு. அதற்கடுத்த நாள் பின் சீட்டில், கண்டக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம்; ஐந்திலேயே கடித்துவிட்டாள். போனில் ஆலோசகரிடம் சொன்னபோது அவர் குரலே மாறிவிட்டது. "நமக்கு ஒரு சத்தம் வந்துட்டுப் போயிடும்மா. அவளுக்குப் போகாது. ஒண்ணு மேல ஒண்ணா உள்ளயே நிக்கும். அடுத்தது எப்ப வரும்னு வேற தெரியாது. நீங்க பாத்த பாதி வழி அலறல், முதல் ஸ்டாப்லயே ஆரம்பிச்சது" என்றார். தினமும் முதல் ஸ்டாப்பிலிருந்தே என் மடியில் உட்கார்ந்து அவள் தாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அது தெரியாமல் அவளைத்தான் நான் அடித்திருக்கிறேன்.

காதை மூடும் ஹெட்ஃபோன் வாங்கிப் பார்த்தோம். தலையில் எதையும் வைக்க விடவில்லை, கழற்றி எறிந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம், ஆனால் மாதக்கணக்கில் ஆகும் என்றார் ஆலோசகர். எனக்கு ஒன்பது நாள் மீதி இருந்தது. ஒரே வழிதான். எங்களை நடுரோட்டில் இறக்கிவிட்ட அந்த மனிதரிடம் போய்க் கேட்க வேண்டும்.

அன்று மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, கம்பெனிக்கு ஒரு மணிநேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு, ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கண்டக்டரும் டிரைவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். என்னைப் பார்த்ததும், சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்; முகத்தை இறுக்கிக்கொண்டார்.

நான் நேராக விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"விசில் அடிக்காம பஸ் எப்படிம்மா ஓட்டறது? டிரைவருக்கு ஜோசியமா தெரியும்?"

நான் நோட்டை நீட்டினேன். வேண்டா வெறுப்பாகத்தான் வாங்கினார். பக்கம் புரட்டப் புரட்ட வேகம் குறைந்தது. கோடுகள் இருந்த பக்கங்களில் நின்றுவிட்டார். விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். ஒரு பக்கம், அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம்.

"இதெல்லாம் நான் அடிச்சதா?"

"ஆமாங்கண்ணா."

"இந்த வட்டம் போட்டிருக்கறது?"

"அங்கதான் கையைக் கடிப்பா."

"அய்யோ தேவரே" என்று மெதுவாகக் கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார். டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். "நான் கொழுப்புன்னு நெனச்சேன்மா. அன்னைக்கு எறக்கி வேற விட்டுட்டேன்."

"நானும் அப்படித்தாங்கண்ணா நெனச்சேன். பெத்தவ நானே அடிச்சேன்" என்றேன். அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அப்போது எங்கே போனதென்று தெரியவில்லை.

அதுவரை பேசாமல் இருந்த டிரைவர்தான் வழி சொன்னார். "தகரத்துல தட்டு. ரெண்டு தட்டுன்னா போறேன், ஒண்ணுன்னா நிக்கறேன். எனக்குக் கேக்கும்."

மறுநாள் காலை அதே பஸ்ஸில் ஏறினோம். முன் சீட்டில் உட்கார்ந்தோம். ஆள் ஏறியதும் கண்டக்டர் உள்ளங்கையால் பக்கவாட்டுத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். பஸ் நகர்ந்தது. மகளின் விரல்கள் என் கைக்குள் இருந்தன. விறைக்கவில்லை. இரண்டாவது ஸ்டாப், மூன்றாவது, நான்காவது. கம்பெனி ஆட்கள் ஏறும் இடத்தில் கூட்டம் நெருக்கியது. தட்டியது டிரைவருக்குக் கேட்கவில்லை. பஸ் நின்றுகொண்டே இருந்தது. ஒருவர் எரிச்சலாக, "விசில் என்னாச்சு? கம்பெனில பஞ்ச் அடிக்க லேட்டாயிடும்யா" என்று சொல்லிவிட்டு, வாயில் விரலை வைத்து நீளமாக ஒரு விசில் அடித்தார். மகள் துள்ளி விழுந்தாள். மணிக்கட்டு வாய்க்குப் போனது.

கண்டக்டர் அங்கிருந்தே கத்தினார்: "யோவ், நிறுத்துய்யா! அந்தப் பாப்பாவுக்கு அந்தச் சத்தம் ஒத்துக்காது."

"ஒரு கொழந்தைக்காக பஸ் மொத்தமும் வாய மூடிகினு வரணுமா?"

"வாய மூட வேணாம். விசில் அடிக்காத, அது போதும். உனுக்கு ரெண்டு நிமிசம் லேட்டு. பாப்பாவுக்கு நாள் பூரா வலி."

படிக்கட்டுப் பக்கம் நின்றிருந்த பெண் ஒருத்தி, என் கம்பெனி அடையாள அட்டையையே மாட்டியிருந்தவள், தானே தகரத்தில் பலமாக இரண்டு தட்டுத் தட்டினாள். பஸ் கிளம்பியது.

மகள் மணிக்கட்டைக் கடித்தாள்; பல் பதிந்தது. ஆனால் அலறவில்லை. முட்டிக்கொள்ளவில்லை. இரண்டு ஸ்டாப் கழித்துக் கையை வாயிலிருந்து எடுத்தாள். பள்ளிக் கேட்டுக்குள் தானாக நடந்து போனாள். தலைமை ஆசிரியை வராந்தாவில் நின்று கடிகாரத்தையும் அவளையும் பார்த்தார். அன்றைக்குச் சாயங்காலம், வகுப்பில் அவள் மூன்று மணிநேரம் இருந்ததாக ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். கிரைண்டர், பட்டாசு, பக்கத்து வீட்டு மிக்ஸி என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறோம். மூன்று நோட்டுகள் நிரம்பிவிட்டன. ஹெட்ஃபோனை இப்போது அவளே எடுத்து மாட்டிக்கொள்கிறாள். அதற்கு ஏழு மாதம் ஆனது. அந்தப் பள்ளியில்தான் இன்னும் படிக்கிறாள். அடுத்த கோடையில், ஒரு மத்தியான வேளை, சமையலறையில் குடத்தின் பக்கத்தில் நின்று, வாழ்க்கையில் முதல் வார்த்தை பேசினாள். "நீள்ளு" என்றாள். தண்ணீருக்குத் தெலுங்கு வார்த்தை. என் கணவர் குடத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் வாயை ஒரு வருடம் கட்டிப்போட்டவள் நான். அன்றைக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீள்ளு குடு மொதல்ல" என்றார்.

அந்தக் கண்டக்டர் இரண்டு வருடத்தில் வேறு ரூட்டுக்கு மாறிப் போய்விட்டார். பிறகு எத்தனையோ பேர் வந்தார்கள். முதல் நாளே ஒவ்வொருவரிடமும் போய் நின்று, என் மகளுக்கு எது வலிக்கும், எது வலிக்காது என்று சொல்கிறேன். சிலர் உடனே புரிந்துகொள்கிறார்கள். சிலர் முறைக்கிறார்கள், அவர்களிடம் மறுநாளும் சொல்கிறேன். தனக்கு என்ன வேண்டும் என்று அவளே சொல்லும் நாள் வரும்வரை, அவளுக்காக நூறு பேரிடம் நூறு தடவை கேட்பதில் எனக்கு இப்போது துளிக்கூடக் கூச்சமில்லை.